கடலோரச் சிற்றூரில் காசில்லாமல் என்னவெல்லாம் பார்க்கலாம்?

கேள்வி இதுதான்: ஒரு சிறிய கடலோர ஊரில் இரண்டு மூன்று நாள் தங்கப் போகிறோம். கடற்கரை, கலங்கரை விளக்கம், மீன்பிடித் துறைமுகம் தவிர அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லாமல் வெளியில் பார்க்க என்ன இருக்கும்?

நிறைய இருக்கிறது. ஆனால் எங்கே போகலாம் என்று மட்டும் யோசித்தால் அரை நாளில் ஊர் முடிந்துவிடும். எப்போது போகலாம் என்று யோசித்தால் மூன்று நாளும் போதாது. ஒரே பாறைத்திட்டு காலையில் தண்ணீருக்குள் மறைந்திருக்கும், மதியம் அதன் மேல் நடந்து போகலாம். காலையில் ஒரு பறவைகூட இல்லாத சேற்றுநிலத்தில் மூன்று மணி நேரம் கழித்து நூற்றுக்கணக்கில் மேய்ந்துகொண்டிருக்கும். அதனால் ஊர் வரைபடத்தைப் பார்க்கும் முன் அந்தக் கரையின் ஓத அட்டவணையைப் பாருங்கள். எந்த நாளில் எத்தனை மணிக்குக் கடல் ஏறும், எப்போது வற்றும் என்று அதில் இருக்கும். இதுவும் இலவசமாகக் கிடைப்பதுதான்.

பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். இந்தச் சுற்று முடிய 24 மணி 50 நிமிடம் ஆவதால் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் அதிகம். அரைநிலா நாட்களில் இரண்டும் குறைவு. பயணத் தேதியை நீங்களே முடிவு செய்யலாம் என்றால் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ அடுத்த ஓரிரு நாட்களைத் தேர்ந்தெடுங்கள். மற்ற நாட்களில் வெளியே தெரியாத கடலடித்தரை அப்போது தெரியும். ஊருக்கு ஊர் அளவு மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் 16 மீட்டர் வரை போகும். மத்தியதரைக் கடலின் பெரும்பாலான கரைகளில் அது அரை மீட்டர்கூட வராது. பால்டிக் கடலில் கண்ணுக்கே தெரியாது. அந்த மாதிரிக் கரைகளுக்குப் போகிறவர்கள் ஓதத்தை விட்டுவிட்டு, கீழே சொல்லப்போகும் வெளிச்சத்தையும் அலையையும் கவனித்தால் போதும்.

சரி, எதிலிருந்து தொடங்கலாம்? கரையில் பாறை இருந்தால் சந்தேகமே வேண்டாம், பாறைக்குட்டைகள்தான். கடலோரத்தில் காசு கொடுத்துப் பார்க்கிற எதுவும் இதற்கு ஈடாகாது என்று உறுதியாக நம்புகிறேன். கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வற்றும் தண்ணீரின் பின்னாலேயே மெதுவாக இறங்கி, அது திரும்பி ஏறத் தொடங்கும்போது நீங்களும் கரை ஏறிவிடலாம்.

இறங்க இறங்கப் பாறையின் நிறம் பட்டை பட்டையாக மாறும். அலைத் திவலை மட்டும் படுகிற மேல்பகுதியில் கறுத்த படிவு. அதற்குக் கீழே விரல் நுனி அளவுக்குக்கூட வராத நத்தைகள். பிறகு வெள்ளையாக, காலைக் கிழிக்கும் சொரசொரப்போடு கொட்டலசுகள். இன்னும் கீழே மட்டிகளும் வழுக்கும் கடற்பாசியும். தண்ணீர் இல்லாமல் யார் எவ்வளவு நேரம் தாங்குவார், யார் யாரைத் தின்பார் என்ற இரண்டும் சேர்ந்து வகுத்த எல்லைகள் இவை. பல கடல்களில் உயிரினங்களின் பெயர் மாறினாலும் இந்த வரிசை ஏறக்குறைய இப்படியேதான் இருக்கும்.

கொட்டலசைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பார்வைக்குச் சிப்பி மாதிரி இருந்தாலும் அது நண்டு, இறால் இனத்தின் உறவு. தலைப்பக்கத்தைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, கால்களால் தண்ணீரைத் துழாவிச் சாப்பிடுகிறது. சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளை இந்த ஓர் இனத்தை ஆராய்வதிலேயே செலவிட்டார். குட்டைக்குள் மூழ்கியிருக்கும் ஒன்றின் அருகே உங்கள் நிழல் விழாதபடி உட்கார்ந்தால், ஓட்டின் வாய் திறந்து மெல்லிய கால்கள் வெளியே வந்து வாரி இழுத்துக்கொள்வதைப் பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பத்து நிமிடம் ஒரே குட்டையின் அருகில் அசையாமல் உட்காருங்கள். முதல் இரண்டு நிமிடம் வெறும் தண்ணீராகத் தெரிந்த இடத்தில் காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டும், மணல் நிறத்துச் சிறு மீனும், கண்ணாடி மாதிரி இறாலும் ஒவ்வொன்றாக வெளியே வரும். குட்டைக்குக் குட்டை ஓடுகிறவர்களுக்கு எதுவும் கண்ணில் படாது.

நட்சத்திர மீன் கிடைத்தால் எடுத்து வந்துவிடாதீர்கள். 1960களில் ராபர்ட் பெயின் என்ற சூழலியலாளர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் ஒரு பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் தொடர்ந்து அகற்றினார். அவற்றுக்கு இரையாகிவந்த மட்டிகள் பெருகி இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டன. 15 வகை உயிர்கள் இருந்த இடத்தில் 8 வகைதான் மிஞ்சின. ஒரே ஒரு இனம் போனால் ஒரு முழு அமைப்பே சரியலாம் என்று இன்று சூழலியல் பாடத்தில் படிப்பது அந்தப் பாறையிலிருந்து வந்ததுதான். கல்லைப் புரட்டிப் பார்த்தால் அதே பக்கம் அடியில் இருக்கும்படி திருப்பி வையுங்கள். ஈரத்திலும் இருட்டிலும் வாழ்கிற உயிர்கள் வெயிலில் சிறிது நேரத்திலேயே காய்ந்து செத்துவிடும். காலிச் சங்கைக்கூட அங்கேயே விட்டுவிடுவது நல்லது. துறவி நண்டு வளர வளரப் பெரிய வீடு தேடும்; அது தேடுவது நீங்கள் பையில் போட்டுக்கொள்ளும் அந்தச் சங்கைத்தான்.

வெப்பக் கடல்களில் கூம்பு வடிவச் சங்கு உயிரோடு இருந்தால் தொடவே கூடாது. அதில் நஞ்சுள்ள ஊசி உண்டு. சில வகைகள் மனிதரைக் கொன்றிருக்கின்றன. கரை ஒதுங்கிய நீலப் பலூன் மாதிரிச் சொறிமீன் கிடந்தால் அதுவும் அப்படித்தான், செத்து உலர்ந்த பிறகும் அதன் இழைகள் கொட்டும்.

பாறையே இல்லாத மணற்கரை என்றால் ஏமாற வேண்டாம். கடைசியாக ஏறிய தண்ணீர் விட்டுப்போன குப்பைக் கோடு ஒன்று கரை நெடுக இருக்கும். அதை ஒட்டியே நடங்கள். சாட்டை முனையோடு தோல்பை மாதிரிக் கிடப்பது திருக்கை அல்லது சிறு சுறா இனத்தின் முட்டைக் கூடு. கையில் எடுத்தால் எடையே தெரியாத வெள்ளை ஓடு கணவாயின் உள்ளெலும்பு. தடித்த பழுப்பு நிற விதை கிடந்தால் அது எங்கோ ஆற்றோரக் காட்டில் விழுந்து மாதக்கணக்கில் மிதந்து வந்ததாக இருக்கலாம். கரீபியன் பகுதிக் கொடிகளின் விதைகள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அயர்லாந்து, நார்வே கரைகளில் ஒதுங்குவது வழக்கம். 1992 ஜனவரியில் வட பசிபிக்கில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து கொள்கலன்கள் கடலில் விழுந்தன. அவற்றில் ஒன்றில் குளியல் பொம்மைகள் 28,800 இருந்தன. வாத்தும் ஆமையும் தவளையுமாக அவை பல ஆண்டுகளுக்குப் பல கரைகளில் ஒதுங்கிக்கொண்டே இருந்தன. எங்கே, எப்போது ஒதுங்கின என்ற தகவலை வைத்து நீரோட்டங்களைப் பற்றி ஆய்வாளர்கள் நிறையத் தெரிந்துகொண்டார்கள். அந்தக் கோட்டில் கிடக்கும் ஒவ்வொரு பொருளையும் எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே நடந்தால் ஒரு காலைப்பொழுது போதாது.

அப்புறம் மணல். உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து வெயிலில் உற்றுப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருப்பவை குவார்ட்ஸ். இளஞ்சிவப்பு கார்னெட்டாக இருக்கலாம். காந்தத்தில் ஒட்டும் கறுப்புத் துகள் மேக்னடைட். எரிமலைத் தீவுகளில் கரையே கறுப்பாக இருக்கும். ஹவாயின் பாப்பகோலியா கரையில் ஆலிவின் கனிமத்தால் மணல் பச்சையாக இருக்கிறது. பவளத்தீவுகளின் வெண்மணலில் பெரும்பங்கு கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து அரைத்து வெளியே தள்ளியது. பார்த்துவிட்டு அங்கேயே கொட்டிவிடுங்கள். இத்தாலியின் சார்டீனியா தீவில் மணலை எடுத்துப் போவது சட்டப்படி குற்றம்.

மணல்மேடுகள் இருந்தால் அவற்றின் மேல் புதிதாகத் தடம் போடாமல் ஏற்கெனவே உள்ள பாதையில் போங்கள். அங்கே படர்ந்திருக்கும் கொடியும் புல்லும்தான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. மிதிபட்டு வேர் அறுந்த இடத்தில் காற்று நுழைந்து பள்ளம் பறிக்கும், புயலன்று கடல் அந்த வழியாகவே ஊருக்குள் வரும்.

துறைமுகத்துக்கு அதிகாலையில் போங்கள். படகுகள் திரும்பி, மீன் இறங்கி, ஏலம் முடியும் வரைதான் அங்கே உயிர்ப்பு. வெயில் ஏறிய பிறகு போனால் கட்டிப்போட்ட படகுகள் மட்டுமே இருக்கும். வேலை செய்கிறவர்கள் வழியில் நிற்காமல், முகத்துக்கு நேரே படம் எடுப்பதற்கு முன் கேட்டுவிட்டு, ஓரமாக நின்று பாருங்கள். கயிறு இழுக்கும் இடத்தில் குழந்தைகளை விடாதீர்கள்.

துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் மேல் நடக்க அனுமதி இருந்தால், சுவருக்கு இரண்டு பக்கமும் உள்ள கரையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மணல் குவிந்து கரை அகலமாக இருக்கும். மறுபக்கம் கரை அரித்து, கல் கொட்டிக் காப்பாற்றிக்கொண்டிருப்பார்கள். அலைகள் கரையைச் சாய்வாக வந்து தொடுவதால் மணல் கரை நெடுக ஒரு திசையில் நகர்ந்துகொண்டே இருக்கும்; குறுக்கே சுவர் வைத்தால் வருகிற பக்கம் தேங்கும், போகிற பக்கம் பட்டினி கிடக்கும். தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவர், போட்ட ஊர்களிலும் இதே கதைதான். ஒரு ஊரின் கரையைக் காப்பாற்ற எழுப்பிய சுவர் பக்கத்து ஊரின் கரையைத் தின்பதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. கடலோரத்தில் எதைக் கட்டுவது, எதைக் கட்டக் கூடாது என்று பேசுகிற எல்லோரும் ஒருமுறையாவது அங்கே போய் நிற்க வேண்டும்.

ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் இருந்தால் அதுதான் பறவைகளுக்கான இடம். கடல் முழுதாக வற்றியிருக்கும்போது பறவைகள் தொலைவில் சேற்றின் விளிம்பில் இருக்கும், தொலைநோக்கி இல்லாமல் ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஏறத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்துப் போங்கள். மேயும் இடம் குறையக் குறைய அவை உங்கள் பக்கம் நகர்ந்து வரும். அலகின் நீளத்தைக் கவனியுங்கள்: குட்டை அலகு மேற்சேற்றில் இருப்பதைக் கொத்தும், நீண்ட வளைந்த அலகு ஆழத்தில் உள்ள புழுவை எட்டும். அதனால்தான் ஒரே சேற்றில் இத்தனை வகை சண்டையில்லாமல் மேய முடிகிறது. இவற்றில் பல வலசை வருபவை. பட்டைவால் மூக்கன் ஒன்று 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கி.மீ. தூரத்தை 11 நாட்களில், எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. அது சுமந்துசென்ற கருவி அந்தப் பாதையைப் பதிவு செய்தது. அப்படிப் பறப்பதற்கான கொழுப்பை இந்த மாதிரிச் சேற்றுநிலங்களில்தான் சேர்த்துக்கொள்கின்றன. படத்துக்காகக் கூட்டத்தை விரட்டிப் பறக்கவிடுகிறவர்களைப் பார்த்தால் தயங்காமல் தடுத்துச் சொல்லுங்கள்.

சேற்றுக்குள் நீங்கள் இறங்க வேண்டாம். அகலமான சமதள விரிகுடாக்களில் தண்ணீர் நேராக எதிரே வராது. பின்பக்கக் கால்வாய்களை முதலில் நிரப்பி உங்களைத் தீவாக்கிவிடும். 2004இல் இங்கிலாந்தின் மோர்கம்ப் விரிகுடாவில் சிப்பி பொறுக்கப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் அப்படித்தான் இறந்தார்கள். ஆறு மணி நேர ஏற்றத்தில் மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் ஏறக்குறைய பாதித் தண்ணீர் வந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அட்டவணையில் சொல்லாத நேரத்தில் கடல் திடீரென்று உள்வாங்கினால் அது வேடிக்கை பார்க்கிற விஷயமே இல்லை. எல்லாவற்றையும் போட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஓடுங்கள், சுனாமிக்கு முன் கடல் அப்படி உள்வாங்கலாம்.

அலைகளையும் சும்மா பார்த்துவிட்டு வராதீர்கள். ஒரு அலை உடைந்து அடுத்தது உடைய எத்தனை விநாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் எண்ணுங்கள். ஐந்தாறு விநாடி என்றால் பக்கத்துக் காற்று எழுப்பியது. பன்னிரண்டு, பதினைந்து விநாடி என்றால் அது எங்கோ தொலைதூரப் புயலில் பிறந்தது. தென் பெருங்கடலில் எழுந்த அலைகள் அலாஸ்கா வரை, 10,000 கி.மீ.க்கும் மேல் பயணம் செய்து வருவதை 1963இல் கடலியலாளர் வால்டர் மங்க்கின் குழுவினர் வழிநெடுக அளவுக் கருவி வைத்துப் பின்தொடர்ந்தார்கள். குளிக்க இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அலைகள் உடையும் வரிசைக்கு நடுவே அலை உடையாத, அமைதியாகத் தெரிகிற இடைவெளி இருந்தால் அங்கே இறங்காதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே திரும்பிப் போகும், ஆளையும் சேர்த்து இழுக்கும்.

மாலைக்கு வருவோம். மேற்குப் பார்த்த கரை என்றால் சூரியன் மறைவதை இரண்டு முறை பார்க்கலாம். மணலில் படுத்துக்கொண்டு, கடைசிக் கீற்று மறைந்த கணமே எழுந்து நில்லுங்கள்; கண் உயர்ந்ததால் சூரியனின் விளிம்பு மறுபடி தெரிந்து, பத்து விநாடி போல இருந்துவிட்டு மீண்டும் மறையும். பூமி உருண்டை என்பதை உடம்பாலேயே உணர வைக்கிற இந்த ஒரு காரியத்துக்காகவே பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகலாம். கீற்று மட்டும் மிஞ்சும் வரை நேராகப் பார்க்க வேண்டாம், கண் போய்விடும். கிழக்குப் பார்த்த கரை என்றால் சூரிய உதயம் இருக்கவே இருக்கிறது. ஆனால் பௌர்ணமி மாலையைத் தவறவிடாதீர்கள். சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டியே முழுநிலா கடலிலிருந்து எழும்பும். மேகமில்லாத மாலையில் அதே கிழக்கு அடிவானத்தில் கருநீலப் பட்டை ஒன்று மெல்ல உயரும். அது வானத்தில் விழுந்திருக்கும் பூமியின் நிழல்.

நின்றபடி பார்த்தால் கடலின் அடிவானம் ஏறக்குறைய 4.6 கி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. 30 மீட்டர் குன்றின் மேல் ஏறினால் அது 19 கி.மீ.க்கும் மேல் தள்ளிப் போகும். கலங்கரை விளக்கங்களை உயரமான இடத்தில் வைப்பது இதனால்தான். மேலே ஏறப் பல இடங்களில் கட்டணம் உண்டு. கட்டாமல் இருட்டிய பிறகு தள்ளி நின்று பார்ப்பதே எனக்கு மேலாகப் படுகிறது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி அடையாளம் உண்டு: மூன்று மின்னல், பிறகு இருள், மறுபடி மூன்று என்பது போல. எண்ணிக் குறித்துக்கொண்டு, கரையோரம் தொலைவில் தெரியும் அடுத்த விளக்கோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. மாலுமிக்கு எந்த ஊர் எது என்று குழப்பம் வரக் கூடாது. அந்த வெளிச்சத்தை அவ்வளவு தூரம் அனுப்புகிற அடுக்குக் கண்ணாடியை ஃபிரெனல் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் வடிவமைத்து, 1823இல் பிரான்ஸின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதன்முதலாகப் பொருத்தினார்கள். கடலில் நகரும் விளக்குகளையும் படிக்கலாம். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. சிவப்பு மட்டும் தெரிந்தால் கப்பல் உங்களுக்கு இடது கைப்பக்கமாகப் போகிறது. பச்சை மட்டும் என்றால் வலப்பக்கமாக. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் உங்களை நோக்கி வருகிறது.

நிலவில்லாத இரவில், தெருவிளக்கு எட்டாத கரையில், அலை உடையும் இடம் நீலமாக ஒளிர்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் கலங்கும்போது ஒளிவிடும் நுண்ணுயிர்கள் பெருகியிருந்தால் ஈரமணலில் வைத்த கால் தடம்கூட மின்னும். இது எல்லா இரவிலும் வாய்க்காது.

ஊருக்குள் கடலைப் பார்த்த பழைய கல்லறைத் தோட்டம், மூழ்கிய படகுகளுக்கான நினைவுத்தூண், வெள்ளம் எட்டிய உயரத்தைக் குறித்த சுவர் ஆகியவை இருந்தால் போய்ப் படியுங்கள். ஜப்பானின் அனேயோஷியில் 1933 சுனாமிக்குப் பிறகு, இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று எழுதிய கல் நட்டார்கள். 2011இல் அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றது. பூங்கா, நடைமேடை எல்லாம் கண்ணில் தானே படும், அவற்றுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

கரையில் நடக்க உரிமை உண்டா என்ற கேள்வியும் வரும். காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை எல்லோருக்கும் பொது என்று 533இல் வெளிவந்த ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டநூலே சொல்கிறது. இன்றும் பல நாடுகளில் ஏற்ற நீர் தொடும் கோடு வரை பொது இடம்தான். வேல்ஸ் நாட்டில் 2012 முதல் கடற்கரை முழுவதையும் ஒட்டி 1,400 கி.மீ. நடைபாதையே இருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், மெயின் மாநிலங்களில் வற்றும் கோடு வரை தனியார் சொத்தாக இருக்கலாம். ஆகவே வழியில் உள்ள பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

இதையெல்லாம் ஒரு நாளில் எப்படி அடுக்குவது? காலை 7 மணிக்குக் கடல் முழுதாக வற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 மணிக்குப் பாறைக்குட்டை, ஏழரைக்குள் கரை ஏறிவிடலாம். 9 மணிக்கு மேல் முகத்துவாரம். ஒரு மணி வாக்கில் தண்ணீர் உச்சத்தில் இருக்கும், வெயிலும் அப்படியே, அப்போது ஓய்வு. நான்கு மணிக்குப் புதிதாக விழுந்த குப்பைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நடை. ஏழு மணிக்கு மேல் மறுபடி வற்றிய அகன்ற ஈரமணல், அதை அடுத்துக் கலங்கரை விளக்கம். துறைமுகத்தை மறுநாள் விடியலுக்கு வையுங்கள்.

உங்கள் சிற்றூரின் பெயர் அட்டவணையில் இல்லாமல் போகலாம். அருகிலுள்ள பெரிய துறைமுகத்தின் நேரத்தோடு இத்தனை நிமிடம் கூட்டு அல்லது கழி என்று திருத்தம் கொடுத்திருப்பார்கள், துறைமுகப் பலகையிலும் எழுதியிருப்பார்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகளில் அட்டவணை அதைச் சேர்த்துக்கொண்டதா என்று பாருங்கள். அந்த எண்கள் சாதாரண வானிலைக்கானவை. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய 1 செ.மீ. உயரும், கரையை நோக்கி வீசும் பலத்த காற்று இன்னும் ஏற்றும். புயல் எச்சரிக்கை இருக்கிற நாளில் அட்டவணையை நம்பிப் பாறையிலோ அலைத்தடுப்புச் சுவரிலோ கால் வைக்காமல், அலைகளை மேட்டுச் சாலையிலிருந்தே பாருங்கள்.